டிஜே கன்ட்ரோலரும் மென்பொருளும்: வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்ட்ரோலர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்பதுதான். "உங்கள் பாட்டெல்லாம் எங்கே இருக்கிறது? எப்படி அடுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேள்வியைத் தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது இரண்டாவது பதிலைப் படித்தால் புரியும். இங்கே உள்ள கேள்விகள் எல்லாம் புதிதாகக் கற்க வந்தவர்கள் உண்மையில் கேட்டவை.

கன்ட்ரோலர் என்பது என்ன? பாட்டு அதற்குள் இருக்கிறதா?

இல்லை. பாட்டு லேப்டாப்பில் இருக்கிறது. பாட்டுகளைக் கலக்கும் வேலையைச் செய்வது மென்பொருள். கட்டைகள் மட்டும் உங்கள் கையிலும், ரீடும் துருத்தியும் வேறொரு பெட்டியிலும் இருக்கிற ஹார்மோனியத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கன்ட்ரோலர் என்பது அந்தக் கட்டைகள். ஃபேடரை (மேலும் கீழும் நகரும் குமிழ்) நீங்கள் நகர்த்தினால் கேபிள் வழியாக ஓர் எண் போகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அது மிடி என்ற மொழியில் போகும். 1983இல் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த மொழி அது.

இன்னொரு வேலையையும் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் செய்கின்றன. உள்ளே ஒரு சவுண்ட் கார்டு இருக்கும். கலந்த ஒலி ஸ்பீக்கருக்கு ஒரு வழியில் போகும்; அடுத்து வரப்போகும் பாட்டு உங்கள் ஹெட்போனுக்கு மட்டும் வேறு வழியில் வரும். கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்டுத் தயார் செய்ய முடிவது இதனால்தான். இந்த வசதி இல்லாத பெட்டியும் சந்தையில் உண்டு; அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கன்ட்ரோலரையா, மென்பொருளையா?

மென்பொருளை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாட்டுகளை மென்பொருளில் ஏற்றியதும் அது ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, வேகம் என்ன, பீட்டுகள் எங்கெங்கே விழுகின்றன, எந்தச் சுருதி என்று கணக்கெடுத்து வைக்கிறது. அதன் மேல் நீங்கள் உங்கள் உழைப்பைப் போடுகிறீர்கள். பாடகரின் குரல் தொடங்கும் இடம், தாளம் மட்டும் தனித்து நிற்கும் இடம், வெளியேற வசதியான இடம் என்று குறிகள் வைக்கிறீர்கள். இவற்றை ஹாட் க்யூ என்பார்கள். 1500 பாட்டுக்கு நான்கு குறிகள் என்றால் 6000 குறிகள். ஒவ்வொன்றும் நீங்கள் காது கொடுத்துக் கேட்டு, விரலால் வைத்தது.

இந்தக் குறிகளை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் சேமிக்கிறது. செராட்டோ பாட்டுக் கோப்பின் உள்ளேயே, அதன் டேக் பகுதியில் எழுதி வைக்கிறது. ரெக்கார்ட்பாக்ஸ் தனக்கென ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. டிராக்டர் எல்லாவற்றையும் ஒரு தொகுப்புக் கோப்பில் வைக்கிறது. ஒன்றின் எழுத்தை மற்றொன்று தானாகப் படிக்காது. மாற்றித்தரும் கருவிகள் உண்டு. ஆனால் பீட் கிரிட் (பீட்டுகள் விழும் இடங்களை மென்பொருள் வரைந்து வைத்த கட்டம்) ஒரு நூலிழை தள்ளிப் போவதும், குறிகளின் நிறம், பெயர், வரிசை கலைவதும் சகஜம்.

ஒருமுறை ஒரு கன்ட்ரோலரின் அழகில் மயங்கி, அதற்காக மென்பொருளையே மாற்றினேன். பெட்டி அருமையானதுதான். ஆனால் பல ஆண்டுகள் வைத்த குறிகளில் பாதி வரவில்லை. வந்தவற்றில் பல இடம் தவறியிருந்தன. அடுத்த மூன்று மாதங்களின் இரவுகள் அவற்றைத் திரும்ப வைப்பதிலேயே போயின. அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் பெட்டி தேயும், பழையதாகும், கைமாறும். பாட்டு நூலகம் அப்படி இல்லை, கடைசி வரை உங்களோடு வருவது அது. ஆகவே நூலகம் எந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வீட்டுக்கு ஏற்ற கதவுதான் கன்ட்ரோலர்.

சரி, எந்தெந்த மென்பொருள்கள் இருக்கின்றன? யாருக்கு எது பொருந்தும்?

செராட்டோ நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்து வருகிறது. 2004இல் ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்கிராட்ச் லைவ் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். வினைல் தட்டைச் சுழற்றியே கணினியில் உள்ள பாட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது. இன்றும் கையால் தட்டைத் தேய்த்து வாசிப்பவர்களிடையே இதற்குத் தனி இடம் உண்டு. திரையும் தெளிவானது, முதல் நாளிலேயே கண்ணுக்குப் பழகிவிடும்.

கிளப்களில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும் பயனியர் சிடிஜே இயந்திரங்களில் ஒருநாள் பாட்டுப் போட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் ரெக்கார்ட்பாக்ஸ் எடுங்கள். வீட்டில் தயார் செய்த பட்டியலை, குறிகளோடும் பீட் கிரிட்டோடும், ஒரு யுஎஸ்பி பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். லேப்டாப்பே வேண்டாம். இப்படி ஏற்றித்தரும் வேலைக்கு ரெக்கார்ட்பாக்ஸ் பணம் கேட்பதில்லை. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பழைய இயந்திரங்களும் அதைப் படிக்கும்.

டிராக்டர் பெர்லினைச் சேர்ந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கியது. எஃபெக்டுகளின் தரத்துக்காகவும், எந்தப் பொத்தானுக்கும் எந்த வேலையையும் ஒதுக்கிக்கொள்ளும் சுதந்திரத்துக்காகவும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களை அறிவேன். டெக்னோ, ஹவுஸ் போன்ற நீண்ட மின்னணு இசைக்கு அது நன்றாக ஒத்துழைக்கும்.

வர்ச்சுவல்டிஜே 2003இல் இருந்து இருக்கிறது. நூற்றுக்கணக்கான கன்ட்ரோலர்களை அடையாளம் கண்டுகொள்ளும். வீடியோவும் கரோக்கியும் அதற்கு எளிது. விழாக்களில் எல்லா வகைப் பாட்டும் போட வேண்டியவர்களுக்கு இது கைகொடுக்கும். அது விளையாட்டுப் பொருள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

அல்கோரிதிம் நிறுவனத்தின் டிஜேய் என்ற மென்பொருள் டேப்லெட்டிலும் போனிலும் நன்றாக இயங்கும். மிக்ஸ் என்ற பெயரில், கடைசியில் மூன்று எக்ஸ் எழுத்துகளோடு வரும் மென்பொருள் முழுக்க இலவசம், திறந்த மூல நிரல், லினக்ஸிலும் ஓடும்.

இலவசப் பதிப்பே போதுமா?

கற்கும் காலத்தில் போதும். ஆனால் எந்த இடத்தில் சுவர் வரும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செராட்டோவின் இலவசப் பதிப்பான லைட்டில் இரண்டு டெக் மட்டுமே, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுதான் ஏற்றலாம். நீங்கள் கலப்பதைப் பதிவு செய்ய முடியாது. தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்த விரும்புகிறவருக்குப் பதிவு செய்யும் வசதி அவசியம். ஆகவே இது சிறிய குறை இல்லை. மூன்று எக்ஸ் கொண்ட அந்த மிக்ஸ் இலவசமாகவே பதிவு செய்யவிடுகிறது.

பெட்டியின் மேல் "மென்பொருள் உள்ளடங்கியது" என்று எழுதியிருந்தால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். சில கன்ட்ரோலர்களைச் செருகினாலே முழுப் பதிப்பு திறந்துகொள்ளும். சிலவற்றுக்கு லைட் மட்டும் கிடைக்கும். முழுப் பதிப்புக்கு மாதச் சந்தா அல்லது தனி விலை. விலை குறைந்த பெட்டியோடு இரண்டாண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால், அடுத்த படியில் இருக்கும் பெட்டியே மலிவாக முடிவதுண்டு.

கன்ட்ரோலரில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

சவுண்ட் கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2019இல் வந்த டிடிஜே-200 போன்ற மிகச் சிறிய பெட்டிகளில் அது கிடையாது. ஒலியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கேபிளைக் கொண்டு சமாளிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் ஒரு பக்கம் ஸ்பீக்கருக்கு, மறு பக்கம் ஹெட்போனுக்கு என்று ஆகி, ஸ்டீரியோ போய் மோனோவாகிவிடும். பழகிப் பார்க்க அது போதும். நாலு பேர் முன்னால் போட அது உதவாது.

அடுத்தது டெம்போ ஃபேடர். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீளமான ஃபேடர் அது. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் பெட்டியின் உயிர். சாதாரண மிடி செய்தியில் ஒரு ஃபேடருக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான் உண்டு. ஃபேடரின் வீச்சு கூட்டல் 8 சதவீதம், கழித்தல் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 சதவீதத்தை 127 இடைவெளிகளாக வெட்டினால் ஒரு படிக்கு ஏறக்குறைய 0.126 சதவீதம் வருகிறது. உங்களுக்கு வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நட்டநடுவில் விழுந்தால் 0.063 சதவீதப் பிழை மிஞ்சும். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஒரு நிமிடத்தில் இரண்டு பாட்டும் 38 மில்லிசெகண்ட் விலகிவிடும். இரண்டு டிரம்கள் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் "தட்" என்பது "தடட்" என்று கேட்கும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பெட்டி உங்களைக் கைவிடும். நல்ல கன்ட்ரோலர்கள் இரண்டு செய்திகளைச் சேர்த்து 16,384 படிகளாக அனுப்புகின்றன. அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஃபேடர் நீளமாகவும் இருந்தால் விரலுக்கு அந்த நுணுக்கம் எட்டும். வாங்கும் முன் ஃபேடரை மயிரிழை நகர்த்தித் திரையில் வேக எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தாவித் தாவி மாறினால் வேறு பெட்டி தேடுங்கள்.

ஜாக் வீல் (கையால் சுழற்றிப் பாட்டை முன்னும் பின்னும் தள்ளும் வட்டத் தட்டு) பெரிதாக, சற்று எடையோடு இருந்தால் நல்லது. தேய்த்து வாசிப்பதுதான் உங்கள் கனவு என்றால், 2020இல் வந்த ரேன் ஒன் போல மோட்டாரால் சுழலும் தட்டுள்ளவை இருக்கின்றன. அவை கனமானவை, விலையும் அதிகம். தேய்ப்பதில் நாட்டமில்லாதவருக்கு வீண் சுமை. அதே கனவு உள்ளவர் ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரையும் தொட்டுப் பார்க்க வேண்டும்: ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியதும் ஒலி முழுதாகத் திறக்கும்படி அமைக்க முடிகிறதா?

நான்கு சேனலா, இரண்டா? தொடங்குபவருக்கு இரண்டு. இரண்டு பாட்டுகளைச் சுத்தமாகக் கலக்கத் தெரிந்த பிறகு மூன்றாவதை நினைக்கலாம்.

மைக் வைத்துப் பேசுபவர் என்றால், மைக் ஒலி மென்பொருளுக்குள் போகிறதா அல்லது பெட்டியிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று கேளுங்கள். நேராகப் போனால் உங்கள் பதிவில் பாட்டு மட்டும் இருக்கும், குரல் இருக்காது. ஒரு விழா முழுவதும் பேசிவிட்டு, பதிவைத் திறந்தபோதுதான் இதை அறிந்து நொந்துபோன நண்பர் எனக்கு உண்டு.

சின்க் பொத்தானை அழுத்துவது ஏமாற்று வேலையா?

இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் மென்பொருளே சேர்த்துவைக்கும் பொத்தான் அது. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்குத் தேவை நல்ல பாட்டு, சரியான நேரத்தில். ஆனால் சின்க் எதை நம்பி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள். அது பாட்டைக் கேட்பதில்லை. மென்பொருள் வரைந்து வைத்த பீட் கிரிட்டைத்தான் பார்க்கிறது. கிரிட் தவறானால் சின்க் தவறையே துல்லியமாகச் செய்யும்.

கிரிட் தவறும் இடங்கள் தெரிந்தவைதான். மெட்ரோனோம் இல்லாமல், கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளில் வேகம் மூச்சுப்போல ஏறி இறங்கும். பல்லவியில் 112 பிபிஎம் (நிமிடத்துக்கு 112 பீட்) என்று தொடங்கிச் சரணத்தில் 115க்குப் போயிருக்கும். நேர்கோடாக வரைந்த கிரிட் அதன் மேல் உட்காராது. திஸ்ர நடையில் ஆறு அட்சரமாக ஓடும் பாட்டை நான்கின் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதும் வழக்கமான பிழை. 87 பிபிஎம் பாட்டை 174 என்றும், 140ஐ 70 என்றும் எழுதி வைப்பதும் அன்றாடம் நடப்பது. இதைப் பாதியாக்க, இரட்டிப்பாக்க ஒரு பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது.

ஆகவே காதால் பீட் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். 128இல் ஓடும் பாட்டோடு 124ஐச் சேர்க்க வேண்டுமானால் மெதுவானதை ஏறத்தாழ 3.2 சதவீதம் கூட்ட வேண்டும். முதலில் எண்ணைப் பார்த்துச் சேருங்கள். பிறகு திரையை ஒரு துணியால் மூடிவிட்டுச் சேருங்கள். என்னிடம் கற்றவர்களில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் சில வாரங்களிலேயே துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். ஏறக்குறைய 6 சதவீதத்தில் அரைச்சுரம் உயர்ந்துவிடும். கீ லாக்கைப் போட்டால் சுருதி அசையாது. ஆனால் வேகத்தை அதிகம் மாற்றினால் குரலில் ஒரு கரகரப்பு வரும். ஒவ்வொரு மென்பொருளின் கீ லாக்கையும் உங்களுக்குப் பிடித்த ஒரு குரலை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வேறுபாடு உடனே கேட்கும்.

லேப்டாப் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

இரண்டு டெக் கலக்க இன்றைய சாதாரண லேப்டாப் போதும். எஸ்எஸ்டி கட்டாயம். 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம்; ஸ்டெம் பிரிக்க (கீழே சொல்கிறேன்) ஆசையிருந்தால் 16.

வேகத்தைவிட நிதானம் முக்கியம். மென்பொருள் ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக அனுப்புகிறது. கட்டின் அளவு 512 மாதிரிகள் என்றால், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 11.6 மில்லிசெகண்ட் தாமதம். 128 என்றால் 2.9. கட்டு சிறிதானால் ஜாக் வீல் உடனுக்குடன் பதில் சொல்லும். ஆனால் லேப்டாப் ஒரு நொடி வேறு வேலையில் கவனம் சிதறினால் ஒலியில் வெடிப்பு கேட்கும். 512இல் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். வெடிப்பு கேட்டதும் ஒரு படி மேலே ஏறி அங்கேயே நில்லுங்கள். விண்டோஸில் கன்ட்ரோலர் தயாரிப்பாளர் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள்; மேக்கில் அது தேவைப்படாது.

பாட்டுப் போடும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். திரை அணையும் அமைப்பையும், யுஎஸ்பிக்கு மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். யுஎஸ்பி 2 ஒரு கருவிக்கு 500 மில்லிஆம்பியர் வரைதான் தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் கன்ட்ரோலரையும் வெளி டிரைவையும் சேர்த்துச் செருகினால் நடுவில் கன்ட்ரோலர் கண்ணை மூடிவிடும். லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.

இயங்குதளத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் உடனே சம்மதிக்காதீர்கள். 2019 அக்டோபரில் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது ஐடியூன்ஸ் நீக்கப்பட்டது. அதன் பட்டியல்களை எக்ஸ்எம்எல் கோப்பு வழியாகப் படித்துக்கொண்டிருந்த டிஜே மென்பொருள்களுக்கு அந்தப் பட்டியல்கள் கண்ணில் படாமல் போயின. 32 பிட் நிரல்களும் அதோடு நின்றன. உங்கள் மென்பொருள், டிரைவர் இரண்டின் தயாரிப்பாளர்களும் "இயங்கும்" என்று அறிவித்த பிறகு புதுப்பிக்கலாம்.

டேப்லெட், போன் போதாதா?

வீட்டுக்கும் சிறு கூடலுக்கும் போதும். டேப்லெட்டோடு சேரும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கும் கன்ட்ரோலராக இருக்க வேண்டும். ஒரே துளையில் மின்சாரமும் கன்ட்ரோலரும் போக வழி வேண்டும். உள்ளே வரும் அழைப்புகளை நிறுத்திவைக்க மறக்காதீர்கள்.

லேப்டாப்பே வேண்டாத இயந்திரங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. டெனான் பிரைம் 4, நியூமார்க் மிக்ஸ்ட்ரீம் புரோ போன்றவற்றில் திரையும் மூளையும் பெட்டிக்குள்ளேயே உண்டு. கிளப்புக்குப் போகும் முன் லேப்டாப் கவலையை ஒழிக்க நினைப்பவருக்கு அருமையானவை. ஆனால் பாட்டுகளை அடுக்குவதும் குறி வைப்பதும் கணினியில்தான் வசதி. அதற்கான மென்பொருள் எது என்று பாருங்கள். முதல் பெட்டியாக நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டெம் பிரிப்பது என்று எல்லாரும் பேசுகிறார்களே, அது தேவையா?

ஒரு பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் மற்ற கருவிகளையும் வாசிக்கும்போதே தனித்தனியாகப் பிரிப்பதுதான் அது. 2020இல் வர்ச்சுவல்டிஜேவிலும் டிஜேய் மென்பொருளிலும் வந்தது, செராட்டோவில் 2022இல். முதல் தடவை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு பாட்டின் குரலை வேறொரு பாட்டின் தாளத்தில் ஏற்றுவது, முன்பு ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த வேலை.

ஆனால் பிரிந்த குரலை ஹெட்போனில் தனியாகக் கேளுங்கள். தாளத்தின் நிழல் அதில் ஒட்டியிருக்கும். வயலின் குரலோடு இழைந்த பாட்டுகளில் இரண்டும் பிய்த்தெடுத்ததுபோல் இருக்கும். கலவையின் நடுவில் சில நொடிகளுக்கு அருமையாகப் பயன்படும். ஒரு பாட்டு முழுவதற்கும் தாங்காது. லேப்டாப்புக்கும் கடும் உழைப்பு. பேட்களில் (விரலால் தட்டும் பொத்தான்கள்) ஸ்டெமுக்கென்று தனிப் பொத்தான் இருப்பதற்காக மட்டும் ஒரு கன்ட்ரோலரை வாங்காதீர்கள். வேறு பேட்களுக்கும் அந்த வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீமிங்கிலேயே பாட்டுப் போடலாமே, கோப்புகள் எதற்கு?

தேடிப் பார்க்கவும் பழகவும் ஸ்ட்ரீமிங் நல்ல துணை. அதன் மேல் வீடு கட்டாதீர்கள். 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களுக்குப் பாட்டுத் தருவதை நிறுத்தியது. அதை நம்பிப் பட்டியல் அடுக்கியிருந்தவர்கள் ஒரே நாளில் வெறும் கையோடு நின்றார்கள். 2025 செப்டம்பரில் சில மென்பொருள்களுக்கு மறுபடி வந்தது. நடுவில் ஐந்தாண்டுகள். மேலும் பல சேவைகளின் ஒப்பந்தம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இடம் தருகிறது. ஸ்ட்ரீம் செய்த பாட்டைக் கலந்தால் மென்பொருள் பெரும்பாலும் பதிவு செய்யவும் விடாது.

அடிக்கடி போடும் பாட்டுகளைக் காசு கொடுத்துக் கோப்பாக வாங்கிவிடுங்கள். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ், இல்லையென்றால் ஃப்ளாக். 128இல் சுருக்கிய பாட்டு காதுக்குள் வைக்கும் சிறு ஹெட்போனில் பரவாயில்லை என்று தோன்றும். பெரிய ஸ்பீக்கரில் ஜால்ராவும் சிம்பலும் நீரில் கரைந்ததுபோலக் கேட்கும். அதை 320ஆக மாற்றிச் சேமிப்பதில் பயனில்லை. போனது போனதுதான்.

மென்பொருள் நிறுவனமே கைமாறினால் என்ன ஆகும்?

நியாயமான பயம். பயனியர் டிஜே கருவிகளையும் ரெக்கார்ட்பாக்ஸையும் வைத்திருக்கும் ஆல்ஃபாதீட்டா நிறுவனம் செராட்டோவை வாங்க முயன்றது. போட்டி குறையும் என்று சொல்லி நியூசிலாந்தின் வணிக ஆணையம் 2024 ஜூலையில் அனுமதி மறுத்தது. இப்படிப்பட்ட செய்திகள் வருவதைக் கண்டு மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருளில் இயங்கும் கன்ட்ரோலரைத் தேர்ந்தால் போதும். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 ரெக்கார்ட்பாக்ஸிலும் செராட்டோவிலும் இயங்கும். தொடங்குபவர்களுக்கு நான் அதை அடிக்கடி சொல்வதற்கு இதுவே காரணம்.

பழைய கன்ட்ரோலர் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில், உங்கள் இயங்குதளத்துக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பழையவற்றை வீழ்த்துவது பெரும்பாலும் இதுதான்.

அங்கே போனதும் எல்லா ஃபேடரையும் மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்துங்கள். திரையில் உள்ள ஃபேடர் நடுங்காமல் கூடவே வர வேண்டும். கை எடுத்த பிறகும் எண் துள்ளினால் உள்ளே தூசி அல்லது தேய்மானம். ஒவ்வொரு பேடையும் மெல்லத் தட்டுங்கள். ஜாக் வீலின் மேற்பரப்பில் விரலை வைத்தால் பாட்டு நிற்க வேண்டும், எடுத்தால் ஓட வேண்டும். யுஎஸ்பி துளையில் கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஹெட்போன் துளையிலும் இரண்டு காதும் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்போன், கேபிள் பற்றி ஏதாவது?

காதை முழுதாக மூடும் வகை, வெளிச்சத்தம் உள்ளே வராதது. சென்ஹைசர் எச்டி 25 1988இல் வந்தது. பாகம் பாகமாகக் கழற்றி மாற்றலாம் என்பதால் இன்னும் விடாமல் பயன்படுத்துகிறார்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி தாமதமாக வருவதால் பீட் சேர்க்க முடியாது.

ஸ்பீக்கர் தொலைவில் இருந்தால் எக்ஸ்எல்ஆர் வெளியீடு உள்ள பெட்டி வேண்டும். ஆர்சிஏ கேபிள் நீண்டால் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால், சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் பழுது கன்ட்ரோலரில் இல்லை, எர்த் இணைப்பில்.

சிவப்பு விளக்கு எரிகிறது. ஒலி இன்னும் போதவில்லை. என்ன செய்வது?

கன்ட்ரோலரில் குறையுங்கள், ஸ்பீக்கரில் கூட்டுங்கள். சிவப்பு எரியும்போது ஒலி அலையின் தலை சீவப்படுகிறது. கேட்பவர் காது எரியும், ஸ்பீக்கரும் கெடும்.

நூலகத்தை எப்படிப் பாதுகாப்பது?

எல்லாப் பாட்டும் ஒரே தாய்க் கோப்புறைக்குள் இருக்கட்டும். டெஸ்க்டாப்பில் கொஞ்சம், டவுன்லோடில் கொஞ்சம் என்று சிதறவிடாதீர்கள். மென்பொருள் பாட்டை அதன் முகவரியால்தான் அறிகிறது. கோப்புறையின் பெயரை நீங்கள் வெளியே மாற்றினாலோ, விண்டோஸில் வெளி டிரைவின் எழுத்து மாறினாலோ, அத்தனை பாட்டும் காணவில்லை என்று வரும். பெயர் மாற்றுவது, நகர்த்துவது எல்லாவற்றையும் மென்பொருளுக்குள் இருந்தே செய்யுங்கள்.

நகல் எடுக்கும்போது பாட்டுகளை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான். மென்பொருளின் தரவுத்தளக் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். பட்டியல்கள் அங்கேதான் இருக்கின்றன, பல மென்பொருள்களில் குறிகளும் அங்கேதான். இரண்டு நகல்கள் வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு லேப்டாப்பில் செருகி, ஏதாவது ஐந்து பாட்டுகளைத் திறந்து, உங்கள் குறிகள் வைத்த இடத்திலேயே நிற்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.